பிருடைக்கு ஒரு சிரிப்பு

என் கணவர் ஓசூர் தாலுகா கச்சேரியில் டைப்பிஸ்ட். "காலையில ஒரு கச்சேரி, சாயங்காலம் ஒரு கச்சேரி, ரெண்டுலயும் விரலுக்குத்தான் வேலை" என்று வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். கல்யாணமான புதிதில் என்னிடமும் சொன்னார். அப்போது உண்மையாகவே சிரித்தேன். பிறகு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடம் வந்ததும் சிரித்தேன். அதில் வருத்தம் ஒன்றுமில்லை. குழம்பில் உப்புப் போடுவது போல அதுவும் கை பழகிய காரியம்.

சாயங்காலக் கச்சேரி எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். சந்தைகளிலும் பழைய வீடுகளிலும் யாருக்கும் வேண்டாம் என்று கிடக்கிற தந்தி வாத்தியங்களை அவர் தேடிக்கொண்டு வந்துவிடுவார். மூங்கிலில் சுரைக்குடுக்கைகள் கோத்த ஒரு கின்னரி, மைசூர்ப் பக்கத்து ஜோகிகள் தோளில் சாய்த்து வாசித்தபடி தெருவில் வருவார்களே, அது. டைப்ரைட்டர் மாதிரியே பொத்தான் வைத்த ஒரு புல்புல்தாரா. "ஆபீசு கடுதாசி ஒண்ணு இதுல அடிச்சு அனுப்பிச்சேன், தாசில்தார் தலையாட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு" என்பார். மெட்டே இல்லாத கோட்டு வாத்தியம் ஒன்று, அதன் மேல்தான் பாப்பாவின் துணிகளை உலர்த்துவேன். ஆந்திர எல்லைச் சந்தையில் கிடைத்த இன்னொன்று, வில்லால் இழுக்க வேண்டியது. அதற்கு என்ன பெயர் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. இவற்றில் ஒழுங்காகப் பேசுவது ஒரு தம்புரா மட்டும்தான். அது அவருடைய குடும்பத்துச் சொத்து. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருந்த அவர்கள் வீட்டில் பரம்பரையாக பஜனை உண்டு. நல்ல முற்றிய சுரைக்குடுக்கையில் செய்த குடம், நாலு கம்பி, அந்தக் கம்பிகளை முறுக்க நாலு பிருடை.

வியாழக்கிழமைகளில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் தபால் மாஸ்டர், கன்னடக்காரர். இன்னொருவர் மாட்டுப் பண்ணையில் கம்பவுண்டர், தொரப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வருவார், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மூன்று பேரும் பாடுவது குறைவு. சுருதி சேர்ப்பதுதான் பெரிய வேலை. அதற்கு அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு பிருடையைத் திருப்பும்போதும் யாராவது ஒருவர் ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். மற்றவர்கள் சிரிக்காவிட்டால் அந்தப் பிருடையைத் தளர்த்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வெளியே கேட்கிறவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் சுருதி சேர்ந்தது.

"எங்கிட்ட வர்ற தந்தி அழ வெக்குது, இவர் தந்தி தூங்க வெக்குது" என்பார் தபால் மாஸ்டர்.

கம்பவுண்டருக்குக் குதிரைதான் பிடிக்கும். தம்புராவில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்னப் பலகைக்குக் குதிரை என்று பெயர். "பண்ணையில எவ்வளவோ மாட்டுக்கு ஊசி போட்டேன். ஊசிக்குப் பயப்படாத குதிரை இது ஒண்ணுதாங்க. கொள்ளும் கேக்கறதில்ல, சாணியும் போடறதில்ல."

கன்னடத்தில் சுரைக்குடுக்கையைப் புருடெ என்பார்கள். அதை வைத்துத் தபால் மாஸ்டர் ஒன்று சொல்வார். "நோடம்மா, கீழ இருக்கறது எங்க புருடெ, மேல இருக்கறது உங்க பிருடை, நடுவுல உக்காந்து உங்க வீட்டுக்காரர் விடறாரே, அது ரெண்டு ராஜ்யத்துக்கும் பொதுவான புருடா!" அந்த வருஷங்களில் ஓசூர் மைசூருக்குப் போகுமா, சென்னையோடு இருக்குமா என்று ஓயாத பேச்சு. எங்கள் கூடத்தில் அதையும் சிரித்துத் தீர்த்தார்கள்.

பாப்பா பிறந்தபோது கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். கணவரை இழந்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பெயர் வைக்கிற நாளில் அத்தை முறைக்காரி குழந்தையின் காதில் பெயர் சொல்வது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அவர்கள் வீட்டில் அதற்கு முன்னால் இன்னொன்று உண்டு. குழந்தையின் முதுகைத் தம்புராவின் குடத்தோடு சேர்த்துச் சாய்த்து வைத்துக் கம்பியை மீட்டுவார்கள். குழந்தை கண்ணை விரித்தால் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம். அதன் பிறகுதான் பெயர்.

என் பாப்பா கண்ணை விரித்தாள். விரித்தது மட்டுமில்லை, கையையும் நீட்டினாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். "எங்க வீட்டு ரத்தம், காது பாரு எப்படி!" என்று அண்ணி என் தோளைத் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

கூடத்தில் ஓர் அகலமான மர பெஞ்சு உண்டு. தம்புரா அதன் மேல் படுத்திருக்கும். பாப்பாவையும் அதன் பக்கத்திலேயே, குடத்துக்கு அணைவாக, படுக்க வைப்போம். என்ன அழுகை அழுதாலும் ஒரு கம்பியைத் தட்டினால் அடங்கிவிடுவாள். உட்காரத் தெரிந்த பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்து, கம்பி அதிர்ந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். வியாழக்கிழமைகளில் மூன்று பேரும் சிரித்தால் இவளும் ஒருவர் முகம் மாற்றி ஒருவர் முகம் பார்த்துக் கெக்கலி கொட்டுவாள். "வேடிக்கை புரியுது பாருங்க இதுக்கு! நம்ம தாசில்தாருக்கே புரியாது" என்பார் என் கணவர்.

எனக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இவளை விட இளையது. அது அத்தை, தாத்தா என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தது. இவள் முன்பெல்லாம் ங்கா ங்கா என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், அதையும் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு நாள் சமையல் கட்டில் பித்தளைத் தாம்பாளம் என் கையிலிருந்து நழுவிக் கல் தரையில் விழுந்தது. எனக்கே காது வலித்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பாப்பா தலையைத் தூக்கவில்லை.

இவர் வந்ததும் சொன்னேன். "அபசுரத்துக்கெல்லாம் எம் பொண்ணு திரும்ப மாட்டா" என்றார். சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்தேன்.

அண்ணி கோபித்துக்கொண்டார். "குடத்துச் சத்தம் கேக்குது, தாம்பாளச் சத்தம் கேக்கலியா? படிச்ச பொண்ணுங்களுக்கு எதுலயும் சந்தேகம். கொழந்தைய இப்படிச் சோதிச்சுப் பாக்காத, கண்ணு பட்டுரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கிருஷ்ணகிரியில் பள்ளிப் படிப்பை முடித்தவள். எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். பூட்டின கதவை மறுபடி போய்த் தள்ளிப் பார்ப்பேன். இதுவும் அப்படிப்பட்ட ஒன்றுதானோ? பாப்பா கம்பிக்குத் திரும்புகிறாள், நான் என் கண்ணால் பார்க்கிறேன். கேட்காத குழந்தை எப்படித் திரும்பும்? ஆனாலும் கை தட்டிப் பார்ப்பேன். ஒரு சமயம் திரும்புவாள், என் நிழல் அவள் மேல் விழுந்ததாலா என்று யோசிப்பேன். ஒரு சமயம் திரும்பமாட்டாள், விளையாட்டில் கவனமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வேன். நாளாக ஆக எனக்கு எதிலும் சுரணை இல்லாமல் போயிற்று. கை வேலை செய்யும், வாய் பதில் சொல்லும். பால் பொங்கி வழிந்தால் துடைப்பேன். பயம் என்று கூட அதைச் சொல்ல முடியாது.

அந்த மழைக் காலத்தில் தம்புராவின் குடத்தில் ஒரு விரிசல் விட்டது. இவர் பசை காய்ச்சித் தடவி, அது காய்கிற வரையில் எதிலும் ஒட்டாமலிருக்க, கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். கூடத்துக்கு நடுவில், பெஞ்சுக்கு நேர் மேலே தொங்கியது. "கச்சேரி உத்தியோகஸ்தன் கையால தூக்குத் தண்டனை" என்றார். ஆபீசுக்குக் கிளம்பும்போது போகிற போக்கில் கம்பிகளை விரலால் வருடிவிட்டுப் போனார். பசை பிடித்திருக்கிறதா என்று ஓசையில் தெரியுமாம்.

கம்பிகள் நன்றாக முழங்கின. பாப்பா நேர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, மீதிப் பசையை உருட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அண்ணி கிணற்றடியில் இருந்தார். கம்பியைத் தட்டினேன். பாப்பா பசையை உருட்டினாள். நாலு கம்பிகளையும் சேர்த்து இழுத்தேன். அவள் மூக்கைச் சொறிந்துகொண்டாள். கயிற்றைத் தளர்த்தி, குடம் பெஞ்சின் மேல் மெல்ல உட்காரும்படி இறக்கினேன். ஒரே ஒரு கம்பியை, விரல் நுனியால், எனக்கே சரியாகக் கேட்காதபடி தொட்டேன். பாப்பா உடனே திரும்பிச் சிரித்தாள். பெஞ்சின் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டாள்.

மறுபடி தூக்கினேன். மறுபடி இறக்கினேன். பாப்பாவுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. குடம் பலகையைத் தொட்டால் அவளுக்குக் கம்பி உண்டு. தொடாவிட்டால் இல்லை. பெயர் வைத்த நாளில் எல்லோரும் பார்த்தது அவள் காதை அல்ல, முதுகை. எல்லா வீட்டிலும் கிலுகிலுப்பை ஆட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அதைக்கூட யாரும் செய்யவில்லை. அதை விடப் பெரிய பரீட்சையில் அவள் தேறிவிட்டதாக நினைத்தோம்.

நான் அழவில்லை. பசை ஒட்டிய அவள் கைகளைக் கழுவிவிட்டேன். அரிசி ஊறப் போட்டிருந்தேன், அதை அரைத்தேன். இவரிடம் தனியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சொல்ல வாயெடுத்தேன், முகத்தைப் பார்த்ததும் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். பசை காய்ந்து தம்புராவை இறக்கிய பிறகும் சொல்லவில்லை. ஒருவேளை நான் தவறாகப் பார்த்திருந்தால்? பெற்றவளே பிள்ளைக்குக் குறை சொன்னாள் என்று ஆகிவிடாதா? சொல்லாமல் விட்டுக் காலம் தாழ்ந்து போய்விட்டால்? இந்த இரண்டுக்கும் நடுவில் வியாழக்கிழமை வந்துவிட்டது.

மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா குடத்துக்குப் பக்கத்தில். கம்பி ஒன்று புதிதாகப் போடவேண்டியிருந்தது. "கச்சேரில வேலை பாத்துக்கிட்டே கம்பி எண்ற ஆளு ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்" என்றார் இவர். "பழைய கம்பி எங்க?" என்று கேட்டார் கம்பவுண்டர். "அவன் கம்பி நீட்டிட்டான்!" மூன்று பேரும் சிரித்தார்கள். பாப்பா அவர்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தாள். இவர் கம்பியை மீட்டினார். பாப்பா திரும்பினாள்.

"காது பாருங்க சார்" என்றார் இவர்.

"அதைத் தூக்கிப் புடிங்க" என்றேன். நான் சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது.

"எதை?"

"தம்புராவை. பெஞ்சுல படாம."

"ஏன், பாப்பா முதுகுல உறுத்துதா?"

"இல்லீங்க. தூக்கிப் புடிச்சு மீட்டுங்க."

"நின்னுக்கிட்டே வாசிக்கறதுக்கு நான் என்ன கின்னரி ஜோகியா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, தம்புராவைத் தோளில் சாய்த்து, ஜோகி மாதிரி ஓர் ஆட்டம் ஆடி, மீட்டினார். தபால் மாஸ்டர் சிரித்தார். பாப்பாவின் முதுகு எங்களைப் பார்த்திருந்தது. அவள் தன் கால் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மீட்டினார். பலமாக மீட்டினார்.

"புட்டி, ஏய் புட்டி, இல்லி நோடு" என்று தபால் மாஸ்டர், சின்னப் பெண்ணை இங்கே பார் என்பது போல, கன்னடத்தில் கூப்பிட்டார். கம்பவுண்டர் அவள் தலைக்குப் பின்னால் கை தட்டினார். பண்ணையில் மாடுகளை விரட்டிப் பழகிய கை, வாசலில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

சமையல் கட்டு வாசலிலிருந்து அண்ணி, "போதும், வெச்சுட்டு வேலையப் பாருடா" என்றார். அவர் குரல் எப்போதும் போல இல்லை.

இவர் தம்புராவை இறக்கிப் பெஞ்சில் வைத்தார். கம்பியின் அதிர்வு இன்னும் அடங்கவில்லை. குடம் பலகையில் பட்டதும் பாப்பா சட்டென்று திரும்பி, கையை ஊன்றி, பல் தெரியச் சிரித்தாள். பிறகு வழக்கம் போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு மெல்ல நின்றது. கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த வாரமே பெங்களூருக்கு பஸ்ஸில் போனோம். காதுக்கென்று இருந்த டாக்டர் வயதானவர், கன்னடத்தில் பேசினார். மணி அடித்தார், டப்பாவைத் தட்டினார். பிறகு இரண்டு கால் உள்ள ஓர் இரும்பு முள்ளை முழங்கையில் தட்டி, அது ரீங்கரிக்கும்போது அவள் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். பாப்பா கண்ணை விரித்துக் கையைத் தூக்கினாள். பெயர் வைத்த நாளில் விரித்தது போலவே. காதுக்குள் சத்தம் போகவில்லை, அதிர்வு மட்டும் தோலில் தெரிகிறது என்றார். பிறவியிலேயே இப்படித்தானாம். மருந்தில்லை. வளர்ந்ததும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், அதுவரைக்கும் முகத்துக்கு நேராகப் பேசுங்கள் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறந்துவிடுவேனோ என்று வாசல் வரை போனவள் திரும்பி வந்து அதையே மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாக மறுபடி சொன்னார்.

பஸ் அத்திப்பள்ளி தாண்டுகிற வரையில் இவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த முள்ளுல ஒரே ஒரு சுரம்தான் வரும் போல" என்றார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தேடினேன். அப்படி ஓர் இடம் அதில் இல்லை.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவர்கள் வந்தார்கள், வராமல் இருக்கவில்லை. ஆனால் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். பாப்பாவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போலத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் பிருடைகளை ஒவ்வொன்றாகத் திருப்புவார், சுருதி சீக்கிரமே சேர்ந்துவிடும். அண்ணி கூடத்துப் பக்கம் வருவதே இல்லை. ஒரு நாள் அடுப்படியில் என்னிடம், "நாந்தான் சாய்ச்சு வெச்சேன், நாந்தான் தேறிட்டான்னு சொன்னேன்" என்றார். "எல்லாருந்தான் அண்ணி பாத்தோம்" என்றேன். அது உண்மை. ஆனால் ஆறுதல் சொல்லுகிற குரலில் எனக்குச் சொல்ல வரவில்லை.

பாப்பா மட்டும் மாறவில்லை. அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கம் போல ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இவர் முகம், தபால் மாஸ்டர் முகம், கம்பவுண்டர் முகம். அவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவளுக்குக் கச்சேரி என்பதே அதுதான். பலகையில் வருகிற அதிர்வும், அந்த முகங்களும். முதலாவது அவளுக்கு இன்னும் இருந்தது. இரண்டாவதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

காப்பித் தம்ளர்களோடு கதவருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேராகப் பேசுங்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆண்கள் கூட்டத்தில் நான் தமாஷ் பேசியவள் இல்லை. பேசினால் இவர் என்ன நினைப்பார், இந்த நேரத்தில் இவளுக்கு விளையாட்டா என்று அண்ணி நினைப்பாரா என்றெல்லாம் தோன்றியது. இவர் முதல் பிருடையில் கை வைத்திருந்தார். நான் போய்த் தம்ளர்களைப் பெஞ்சில் வைத்தேன். ஒரு தம்ளரை மட்டும் தம்புராவின் குதிரைக்கு முன்னால் நகர்த்தினேன்.

"ஏங்க கம்பவுண்டர் சார், உங்க குதிரைக்குக் காப்பி ஆகுமா, இல்ல கொள்ளு வேக வெக்கட்டுமா?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. தபால் மாஸ்டர் என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கம்பவுண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சக்கரை கம்மியாப் போடும்மா, அதுக்கு ஏற்கெனவே வாயு" என்றார். அவர் குரல் நடுங்கியது, ஆனாலும் முகம் சிரித்தது. தபால் மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பாப்பா சிரித்தாள், பெஞ்சைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் பார்வை என் முகத்துக்கு வருவதற்குள் பல் தெரியும்படி வைத்துக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமான காரியம்தான்.

இவர் பிருடையைத் திருப்பினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் மூணு பிருடை இருக்குங்க" என்றேன்.